ஜாமீன் இல்லை, பேரு மட்டும்

அந்தக் காரை நான் ஓட்டியது ஒரே ஒரு முறை. 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, விற்பனை நிலையத்திலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் வாசல் வரை ஓட்டிச் சென்றேன். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசாரி சூடம் காட்டி முடித்ததும், சாவியை நண்பனின் கையில் கொடுத்துவிட்டு என் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பினேன். பின்கண்ணாடியின் நடுவில் அவன் ஒரு வேல் ஒட்டுப்படத்தைக் குமிழி விழாமல், விரல் நகத்தால் தேய்த்துத் தேய்த்து ஒட்டிக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த வேலைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

கார் வெள்ளை நிற மைவி. பதிவுச் சான்றில், அதாவது நாம் கிரான் என்று சொல்லும் தாளில், உரிமையாளர் பெயர் என்னுடையது. ஒப்பந்தத்தில் இருந்த கையெழுத்தும், மாதத் தவணை கழிவதற்காகப் பதிவு செய்யப்பட்ட வங்கிக் கணக்கும், காப்புறுதியும் ரோட் டேக்ஸும் எல்லாமே என் பெயரில்தான். கார் மட்டும் நண்பனுக்கு. அவன் கொடுத்தது 5,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், முன்பணம் மட்டும். அதுவும் அவன் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனதால் வந்த பணம்.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரே லயத்தில், இரண்டு கதவு தள்ளி வளர்ந்தவன் என்பது போதும். என் அம்மா விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டுக்குப் போன நாள்களில் பெரியம்மாதான், அவன் அம்மாவைத்தான் சொல்கிறேன், எனக்கும் சேர்த்துப் பசியாறக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவார். பிறகு தோட்டம் கை மாறியது, கித்தா என்னும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன, நாங்கள் டவுனுக்கு அருகிலுள்ள தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, சிதறினோம். தோட்டத்தில் இருந்தவரை வேலைக்காடு நடக்கும் தூரத்தில் இருந்தது. கோயில், தமிழ்ப்பள்ளி, மளிகைக் கடை எல்லாம் அப்படியே. வெளியே வந்த பிறகு வேலை ஈப்போவில், மருத்துவமனை வேறொரு திசையில், பேருந்தோ நினைத்தால் வரும், நினைத்தால் வராது. எங்கள் ஆள்களுக்குக் கார் ஆடம்பரமாக வந்து சேரவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறியதற்கு நாங்கள் மாதாமாதம் கட்டும் வாடகை போலத்தான் வந்து சேர்ந்தது. இதைச் சொல்லாமல் அவன் ஏன் கேட்டான், நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதை விளக்க முடியாது.

அவன் ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்குப் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சம்பளச் சீட்டு கிடையாது, ஊழியர் சேமநிதிக் கழிவு கிடையாது. அதற்கு முன்பு ஒரு மோட்டார் சைக்கிள் கடனில் சில மாதங்கள் கட்டாமல் விட்டதால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் பதிவிலும் அவன் பெயர் கெட்டிருந்தது. நான் அரசாங்க அலுவலகத்தில் நிரந்தரக் குமாஸ்தா. தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் அதைக் கிராணி வேலை என்றுதான் சொல்வார்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் சேமநிதி அறிக்கையையும் அடையாள அட்டை நகலையும் நீட்டியவுடன், விற்பனையாளர் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "நாமா பெர்சே, செனாங் லூலுஸ்" என்று சிரித்தார். பெயர் சுத்தம், எளிதாகக் கிடைத்துவிடும் என்று பொருள். என் வாழ்க்கையில் என் பெயரை அவ்வளவு மகிழ்ச்சியோடு யாரும் பாராட்டியதில்லை. கார் யாருக்கு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். நிறத்தைத் தேர்ந்தெடுத்ததே அவன்தான். வங்கியிலிருந்து அழைத்துக் கேட்டால் சொந்தப் பயன்பாட்டுக்கு என்று சொல்லச் சொன்னார். வங்கியிலிருந்து அழைத்தார்கள், நானும் அப்படியே சொன்னேன். என் பக்கத்துத் தவறு அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்பு, ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தபோது அவன் கேட்ட விதத்தைத்தான் நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். "ஜாமீன் எல்லாம் இல்லடா மச்சான். பேரு மட்டும் போடு. மாசா மாசம் நான் கட்டிக்கிறேன்" என்றான். நான் நிம்மதியடைந்தேன். ஏனென்றால் எங்கள் பக்கம் ஜாமீன் என்பது கெட்ட வார்த்தை. மைத்துனருக்கு ஜாமீன் போட்டு நொடித்துப்போனவர், கூட்டாளிக்கு ஜாமீன் போட்டுக் கடப்பிதழ் முடங்கியவர் என்று ஒவ்வொரு தாமானிலும் ஒரு கதை உண்டு. அப்பா சாகும்வரை திரும்பத் திரும்பச் சொன்ன அறிவுரை, எவனுக்கும் ஜாமீன் போடாதே என்பது. பேர் கொடுக்காதே என்று அவர் சொல்லவில்லை. பேர் கொடுப்பது அதைவிட இலேசான காரியம் என்று அவரும் நினைத்திருப்பார்.

சட்டம் இதைத் தலைகீழாகப் பார்க்கிறது. திவால் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தம், இலாப நோக்கமின்றி ஜாமீன் நிற்பவர்களை, அதாவது ஒருவரின் கல்விக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ, வியாபாரத்துக்கு அல்லாத சொந்த வாகனத்துக்கோ கையெழுத்திட்டவர்களைச் சமூக ஜாமீன்தாரர் என்று தனியாகப் பிரித்து, அவர்களைத் திவாலாக்க முடியாது என்று பாதுகாத்துவிட்டது. நான் அவனுக்கு ஜாமீன் நின்று, கடன் அவன் பெயரில் இருந்திருந்தால், பணம் கேட்டு வழக்குப் போட முடியுமே தவிர அந்தக் கடைசி ஆயுதம் என்மேல் பாய்ந்திருக்காது. ஆனால் நான் ஜாமீன்தாரன் இல்லை, நான்தான் கடன்காரன். ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை என் நண்பன் என்றொரு மனிதன் பிறக்கவே இல்லை. திவாலாக்குவதற்கான கடன் வரம்பு அப்போது 50,000 வெள்ளியாக இருந்து 2021இல் 100,000 வெள்ளியாக உயர்ந்தது என்பதும், ஒரு மைவிக்கான கடன் அந்த வரம்பைத் தொடாது என்பதும் உண்மைதான். ஆனால் வீட்டுக் கடன், தனிநபர் கடன், கார் என்று சேர்ந்துகொண்டே போகும் ஒருவருக்கு வரம்பு அவ்வளவு தூரத்தில் இல்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையெழுத்துப் போடும்போது நான் இதைப் போட்டுப் பார்க்கவில்லை. கார் விலை 50,000. முன்பணம் போகக் கடன் 45,000. ஆண்டுக்கு 3.5 விழுக்காடு வட்டி, ஒன்பது ஆண்டு, 108 தவணை. 3.5 என்பது கேட்பதற்கு இதமான எண். ஆனால் வட்டி குறையும் நிலுவைக்குப் போடப்படவில்லை. முதல் நாள் வாங்கிய முழு 45,000க்கும் ஒன்பது ஆண்டுக்கும் சேர்த்துப் போடப்பட்டது. அதனால் வட்டி மட்டும் 14,175 வெள்ளி, மாதத் தவணை சுமார் 548 வெள்ளி. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது ஆறு விழுக்காட்டைத் தாண்டும். இன்னொன்று, இடையில் கடனை முடிக்க நினைத்தால் அப்போதிருந்த முறைப்படி வட்டியின் பெரும்பகுதி முன் ஆண்டுகளிலேயே கழிக்கப்பட்டுவிடும். 26 தவணை கட்டி, அதாவது 14,000 வெள்ளிக்கு மேல் கொடுத்த பிறகு, மீதி எவ்வளவு என்று நான் வங்கியில் கேட்டேன். ஏறத்தாழ 37,000 என்றார்கள். கார் அதற்குள் அந்த விலைக்குப் போகாத காராகிவிட்டிருந்தது. ஆக, நண்பனுக்காகக் கார் கடன் எடுப்பவர் முதல் பல ஆண்டுகளுக்கு, காரை விற்றாலும் அடைக்க முடியாத கடனுக்குள்தான் நிற்கிறார்.

முதல் 14 மாதம் அவன் ஒருநாள் தவறாமல் கட்டினான். ஐந்தாம் தேதி இரவுக்குள் 550 வெள்ளி என் கணக்கில் இருக்கும். மிச்ச இரண்டு வெள்ளிக்கு ரொட்டி சானாய் சாப்பிடு என்று குறுஞ்செய்தியும் வரும். இந்த 14 மாதம்தான் ஆபத்தானது என்று இப்போது தோன்றுகிறது. ஏமாற்றும் எண்ணம் அவனுக்கு இல்லை என்பதற்கு அது சான்று, ஆனால் அதே காரணத்தால் நான் காரைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டேன். பிறகு ஒப்பந்தக்காரர் லாரியைக் குறைத்தார். ஐந்தாம் தேதி பதினைந்தாகி, பதினைந்து அடுத்த மாதமாகியது. கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. பெரியம்மாவின் கையால் தின்றவன், 548 வெள்ளிக்காக அவர் வீட்டு வாசலில் போய் நிற்பதா? இரண்டு முறை நானே கட்டினேன், என் மனைவிக்குச் சொல்லாமல்.

2018 நவம்பரில் சாலைப் போக்குவரத்து இலாகாவிலிருந்து, ஜே.பி.ஜே.யிலிருந்து, எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஜொகூர் மாநிலத்தில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் என் கார் வேக வரம்பை மீறியிருக்கிறதாம். நானும் சரி, எனக்குத் தெரிந்து அவனும் சரி, ஜொகூருக்குப் போனதே இல்லை. கடிதத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புகைப்படம், காரைப் பின்னாலிருந்து எடுத்தது. எண் பலகை என்னுடையதுதான். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். பின்கண்ணாடியின் நடுவில் வேல் இல்லை. அது இருந்த இடத்தில் ஏதோ வட்டமான வேறொரு ஒட்டுப்படம் இருந்தது. காரை அவன் விற்றுவிட்டான், அல்லது விற்றதுபோல எதையோ செய்துவிட்டான் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வேல் ஒட்டுப்படத்தைச் சுரண்டி எடுக்கிறவன் அவன் இல்லை.

அவன் செய்தது சம்போங் பாயார். இந்த நாட்டில் தவணை கட்ட முடியாமல் போகும் எல்லாருடைய காதிலும் யாராவது ஓதும் வழி இது. காரை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கையில் கொஞ்சம் ரொக்கம் வாங்கிக்கொள்வது, மீதித் தவணையை அந்த ஆள் தொடர்ந்து கட்டுவார் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்வது. அவன் கையில் வந்தது 2,500 வெள்ளி. அந்த ஆள் இரண்டு மாதம் கட்டினார், பிறகு தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டார். கடன் முடியும்வரை காரின் சொந்தக்காரர் வங்கிதான். நாம் அதை வாடகைக்கு எடுத்து, கடைசித் தவணையோடு வாங்கிக்கொள்கிறவர்கள். அதனால்தான் அதன் பெயரே வாடகைக் கொள்முதல். வங்கியின் ஒப்புதல் இல்லாமல் அந்த உரிமையை மற்றொருவருக்கு மாற்ற 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வங்கியை ஏமாற்றும் நோக்கில் காரைக் கைமாற்றினால் அது குற்றமாகவும் ஆகும். அந்தக் குற்றத்தின் முதல் கேள்வி யாரிடம் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டுக்கடையில் மறுபடியும் உட்கார்ந்தோம். கடிதத்தை அவன் முன் வைத்தேன். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருச்சுடா. உங்கிட்ட சொன்னா நீ குடுப்ப. அதான் சொல்லல" என்றான். நான் கோபப்படுவதற்கென்று வீட்டிலிருந்து தயார் செய்துகொண்டு போயிருந்த வாக்கியங்கள் எதுவும் பயன்படவில்லை. நண்பனுக்கு வாகனக் கடன் எடுப்பதன் ஆபத்து நண்பன் கெட்டவனாக மாறுவதில் இருக்கிறது என்று எண்ணுகிறவர்கள் நல்ல நண்பனைத் தேடிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். என் நண்பன் நல்லவன்தான். ஒன்பது ஆண்டு என்பது நல்லவன் ஒருவனின் வீட்டுக்குள் நோய், வேலையிழப்பு, சாவு எல்லாம் ஒருமுறையாவது வந்து போவதற்குப் போதுமான காலம்.

அன்றிரவிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது பணத்தால் அல்ல. கார் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் யார், உரிமம் உண்டா, காப்புறுதி முடிந்தால் புதுப்பிப்பாரா, அதில் எதை ஏற்றுகிறார், எதுவும் தெரியாது. யாரையாவது இடித்துவிட்டு ஓடினால் போலீஸ் என் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அந்த நேரத்தில் காரை ஓட்டியவர் யார் என்று சொல்ல வேண்டிய பொறுப்பும் பதிவு உரிமையாளருக்கு உண்டு. நான் போலீஸ் புகார் செய்தேன். அது களவு போன கார் அல்ல, நீங்களே கொடுத்த கார், என்று புகாரை எழுதிக்கொண்டவர் பணிவாகத்தான் சொன்னார்.

சிசிரிஸ் அறிக்கையை முதன்முதலில் கண்ணால் பார்த்ததும் அந்தச் சமயத்தில்தான். எங்களுக்கு ஒரு சிறிய வரிசை வீடு வாங்கும் யோசனை இருந்தது. வங்கி அதிகாரி அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்து, பேனா முனையால் ஒரு வரியைச் சுட்டினார். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை தவணை நிலுவை என்று ஓர் எண். வரிசையாகச் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் 0, 1, 1, 2, 1, 2, 3. விற்பனையாளர் பாராட்டிய அந்தச் சுத்தமான பெயர் அதுதான். என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது அந்த மேசையில்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த அறிக்கையே எனக்கு வேறொன்றையும் சொன்னது, தாமதமாக. சிசிரிஸ் கட்டங்கள் பன்னிரண்டுதான். பழைய நிலுவையைச் செலுத்தி, ஓராண்டு ஒழுங்காகக் கட்டினால் கெட்ட எண்கள் ஒவ்வொன்றாக இடப்பக்கமோ வலப்பக்கமோ விழுந்துவிடும். 2017இல் அவனுக்குத் தேவைப்பட்டது என் பெயர் அல்ல. அந்த மோட்டார் சைக்கிள் நிலுவை சில நூறு வெள்ளி, அதன் பிறகு ஒரு வருடப் பொறுமை. பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பில் இதைக் கட்டணமில்லாமல் உட்கார்ந்து பேசி ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறார்கள். அந்தச் சில நூறு வெள்ளியை அன்று நான் திரும்பி வராது என்று நினைத்தே கொடுத்திருக்கலாம். எங்கள் இருவருக்கும் அது மலிவாக முடிந்திருக்கும்.

2019 மே மாதம் பதிவுத் தபாலில், காரை இழுக்கப் போவதாக வங்கி சொல்லும் நான்காம் அட்டவணை அறிவிப்பு வந்தது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வங்கி இதை அனுப்பலாம். 21 நாள் அவகாசம், இடையில் இன்னொரு நினைவூட்டல், அதற்குப் பின்தான் காரை இழுக்க முடியும். முக்கால் பங்குக்கு மேல் கட்டிவிட்டவர்களுக்கு நீதிமன்ற ஆணை வேண்டும் என்ற பாதுகாப்பு உண்டு; எனக்கு அது எட்டவில்லை. காரை நானே ஒப்படைத்தால் இழுக்கும் செலவாவது மிச்சம் என்று தெரிந்தது, ஆனால் ஒப்படைக்க என்னிடம் கார் எங்கே இருந்தது? ஜூலையில் உரிமம் பெற்ற ஆள்கள் அதைக் கண்டுபிடித்து இழுத்தார்கள். ஏலத்தில் 25,500 வெள்ளிக்குப் போனது. மிச்சமும் செலவுகளும் சேர்ந்து 12,000 சொச்சம். கார் இல்லாத கார் கடனுக்கு நான் மாதம் 350 வெள்ளி கட்டத் தொடங்கினேன்.

எங்கள் ஊரில் ஏன் இது இவ்வளவு எளிதாக நடக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தோட்டத்தார் கூட்டாகப் பணம் சேர்த்தவர்கள். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டங்களை வாங்குவதற்காகத் தொழிலாளர்கள் 100 வெள்ளிப் பங்கைச் சிறுகச் சிறுகக் கட்டிச் சேர்ந்தார்கள். என் பாட்டியும் கட்டினார், தன் பெயரில். லயத்துப் பெண்கள் கூட்டுப்பணம், அதாவது சீட்டு, பிடித்தார்கள். அது நாட்டில் எவ்வளவு பரவியிருந்தது என்றால், 1971இல் அதைத் தடை செய்த சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் கூட்டு என்ற சொல் இருக்கிறது. தடை நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. ஆனால் கூட்டில் யார் கட்டவில்லை என்பது அன்று மாலைக்குள் பதினெட்டு வீட்டுக்கும் தெரியும். மளிகைக் கடையில்கூட ஒவ்வொரு குடும்பத்துக்கும் 555 என்ற சிறிய கடன் கணக்கு நோட்டு ஒன்று, அதில் அவரவர் வாங்கியது அவரவர் கணக்கில். வாங்குகிறவர் ஒருவர், எழுதப்படுகிறவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு அங்கே கிடையாது. நாங்கள் அந்தப் பழைய நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த லயத்தை எடுத்துப்போக முடியவில்லை.

பெரியம்மா 2020இல் தவறிவிட்டார். கருமாதி முடிந்த மறுவாரம் அவன் மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தான். 150 வெள்ளியை மேசையில் வைத்து, ஒவ்வொரு மாதமும் இவ்வளவுதான் முடியும் என்றான். என் மனைவி உள்ளே போய், அந்தச் சிறிய 555 நோட்டு ஒன்றை எடுத்து வந்து, தேதியையும் தொகையையும் எழுதி, பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாள். கடன் ஒப்பந்தம், இரண்டாம் அட்டவணை, காப்புறுதி, கிரான் என்று என்னிடம் இருந்த தடித்த கோப்பில் எங்கேயும் இல்லாத அவனுடைய கையெழுத்து, அதில் இப்போது 41 இடத்தில் இருக்கிறது. சில மாதங்களுக்கு எதிரே கோடு மட்டும் போட்டிருக்கிறது.